கப்போடு நாலு பேர்

"அண்ணே மன்னிச்சிடுங்க. பெரிய முதலியார்சாவடிக்கு ஆடுறேன்னு சொல்லிட்டேன்."

கிளியனூர் கபடி ரைடர் பாலகுரு அனுப்பிய இந்தச் செய்தியைச் சகாதேவன் நான்கு முறை படித்தார். நான்கு முறையும் ஒரே விஷயம்தான் எழுதியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஐந்தாவது முறையும் படித்தார்.

சகாதேவன் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. உப்பளத்து நண்பர்கள் கபடிக் குழுவுக்குச் செயலாளர். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் பாத்திகளெல்லாம் முழுகிப்போகும். உப்புக் குவியல்கள் பனையோலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். அந்த மூன்று மாதமும் மற்றவர்கள் கொத்து வேலைக்கோ களையெடுக்கவோ போவார்கள். சகாதேவன் ஆள் பிடிக்கப் போவார். காணும் பொங்கலன்று நடக்கும் வட்டாரப் போட்டியில் எந்த ஊருக்கு யார் ஆடுவது என்பதெல்லாம் மழைக்காலத்திலேயே பேசி முடிகிற சமாசாரம்.

ஏழு வருஷமாக மரக்காணத்துக்குக் கப் வரவில்லை என்பது சகாதேவனின் கணக்கு. சித்திரையில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து, "இந்தப் பொங்கலுக்கும் கப்பு வரலைன்னா நான் செயலாளர் பதவிய விட்டுடறேன்" என்று சபதம் செய்தார். அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அந்தக் கைதட்டல் அவருக்கு இன்னும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"நம்மகிட்ட இல்லாதது அவங்ககிட்ட என்னாதாம்பா இருக்குது?" என்று ஆரோக்கியராஜைக் கேட்டார்.

ஆரோக்கியராஜ் உப்பு லாரி ஓட்டுகிறவர். குழுவுக்குப் பயிற்சியாளரும் அவரே. அவர் கடைசியாகக் கபடி ஆடி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"பாண்டிச்சேரி இருக்குது."

"அது அவங்க ஊரா?"

"பக்கத்து ஊரு. ஆட்டம் முடிஞ்சா ஷேர் ஆட்டோ ஏறிப் போயி பசங்க பீச்சுல நடப்பானுங்க, பேக்கரியில குந்திக் கேக்கு துன்னுவானுங்க. இங்க எங்க நடப்பான்? உப்பு வரப்புலயா?"

"நம்மகிட்டயும் கடல் இருக்குதே."

"கடல் இருக்குது. தண்ணி? போன வருஷம் வந்தானே ஒரு பையன், நம்மூர் டீய ஒரு வாய் குடிச்சிட்டு, 'அண்ணே, சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுட்டாங்க'ன்னான். போடலப்பா, தண்ணியே அப்படித்தான்னேன். மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிட்டான்."

அப்போது சகாதேவனின் மகள் தமிழ்நிலா டீயோடு வந்தாள். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு மைதானத்துக்குப் போவாள். ஆண்கள் வருவதற்குள் ஏதோ ஆடிவிட்டுத் திரும்புவார்கள். என்ன ஆடுகிறார்கள் என்று சகாதேவன் கேட்டதில்லை. ஒரு குழுவின் செயலாளருக்கு ஆயிரம் கவலை இருக்கும்.

"தண்ணியெல்லாம் இல்லப்பா, மண்ணு. நம்ம கிரவுண்டு உப்பு மண்ணு. விழுந்தா முட்டி சிராய்க்குது. சிராய்ச்ச எடத்துல உப்பு ஏறி நாலு நாளைக்கு எரியுது. அதான் ஒருத்தரும் வரமாட்றாங்க. ஒரு லோடு நல்ல மண்ணு அடிங்கன்னு எத்தினி தடவ சொல்றது?" என்றாள்.

"முப்பது வருஷமா அந்த உப்புலதான் நிக்கிறேன். எனக்கு ஒரு நாளும் எரிஞ்சதில்ல."

"நீங்க நிக்கிறீங்க. விழறவங்களக் கேளுங்க."

ஆரோக்கியராஜ் சிரிப்பை டீயில் முக்கி விழுங்கினார்.

"பொங்கல் முடியட்டும், பாக்கலாம்" என்றார் சகாதேவன். எந்த வருஷத்துப் பொங்கல் என்று அவர் எப்போதும் சொல்வதில்லை.

தண்ணீர்தான் குறை என்று முடிவாயிற்று. மறுநாளே குழுக் கொட்டகையில் பத்துத் தண்ணீர் கேன் வந்து இறங்கியது. மேலே அட்டையில் ‘வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்’ என்று சகாதேவன் கைப்பட எழுதி மாட்டினார். கேன் வந்தது, வெளியூர் ஆட்டக்காரர்தான் வரவில்லை. உள்ளூர் ஆட்டக்காரர்கள் அட்டையைப் படித்தார்கள்.

"உள்ளூர்ல பொறந்த பாவத்துக்கு நாங்க உப்புத் தண்ணி குடிக்கணுமா?" என்றான் பிரபு. அவனும் அவன் தம்பியும் குழுவின் தூண்கள். இருவர் கையில் சிக்கிய எதிராளி கோட்டைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. அண்ணனும் தம்பியும் அன்று மாலையே முதலியார்சாவடிக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். இரவு அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார்கள். இருவரும் ஆளுக்கொரு சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பாலகுருவையும் பிடிக்காமல், இருந்த இரண்டு பேரையும் விட்டாயிற்று. சகாதேவன் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவர் மனைவி முத்தம்மாள் சொன்னாள்: "பையன்கிட்ட போன்ல பேசினா ஆவாது. வூட்டுக்குப் போயி அம்மாக்காரிகிட்ட பேசணும். நானும் வர்றேன்."

"வெறும் பழத்த வாங்கிக்கினு போவலாம்."

"பழத்தப் பாலிதீன் பையில தொங்க உட்டுக்கினு போவியா? தட்டுல வச்சு எடுத்துக்கினு போவணும்."

எவர்சில்வர் தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு முழம் மல்லிகை எல்லாம் ஏறின. கிளம்பும் நேரத்தில் முத்தம்மாள் வாசலில் நின்றுவிட்டாள்.

"நீ, நானு, ஆரோக்கியராஜ் அண்ணன். மூணு பேரா போறோம். மூணு பேரா போனா காரியம் வெளங்காது."

"நாலாவதுக்கு இப்ப எங்க போவேன்?"

முத்தம்மாள் உள்ளே போய் டிவி மேல் இருந்த கப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தமிழ்நிலா எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்தது. வாங்கி வந்த அன்று அவள் ஏதோ சொன்னாள். சகாதேவன் அப்போது போனில் இருந்தார். அது முதல் முத்தம்மாள் அதில் ஊக்கும் ஹேர்பின்னும் கரண்டு பில்லும் போட்டு வைத்திருந்தாள்.

"இதோட நாலு" என்றாள்.

"எடுத்துக்க எடுத்துக்க" என்றார் ஆரோக்கியராஜ். "கப்பு வாங்கின ஊருன்னு அவங்களுக்கும் தெரியட்டும். எந்தக் கப்புன்னு யாரு கேக்கப் போறா?"

இரண்டு பஸ் மாறி, மழையில் நனைந்த கோழிகளாக நால்வரும் கிளியனூர் போய்ச் சேர்ந்தார்கள்.

பாலகுருவின் அம்மா தையல்நாயகி வாசலில் நெல் மூட்டைக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே பாலகுருவின் அக்கா மலர்கொடி இருந்தாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பாலகுரு மைதானத்தில்தான் புலி. வீட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவே கதவோரமாக நின்றான்.

"மரக்காணத்துல தண்ணி உப்பாமே?" என்று தையல்நாயகி முதல் கேள்வியிலேயே மடக்கினாள்.

"அதெல்லாம் கேன் போட்டுட்டோம்மா. நம்ம ஊரு சாதாரண ஊரு இல்ல. இதோ, நாங்க ஜெயிச்ச கப்பு." சகாதேவன் கப்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே ஊக்குகள் சலசலத்தன.

மலர்கொடி கப்பை எடுத்தாள். ஊக்கையும் கரண்டு பில்லையும் ஒழுங்காக எடுத்து வெளியே வைத்துவிட்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். டீச்சர்களே இப்படித்தான், எதையும் திருத்துகிற மாதிரி பார்ப்பார்கள் என்று சகாதேவன் நினைத்துக்கொண்டார். அவள் அம்மாவை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது.

தையல்நாயகி திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் பொண்ணு இருக்குதா?"

"ஒண்ணு இருக்குது."

"கல்யாணம்?"

"இன்னும் ஆவல" என்றாள் முத்தம்மாள் முந்திக்கொண்டு.

"அதான பாத்தேன். தட்டப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிபோச்சு. இதுக்கு எதுக்குண்ணே கபடி கிபடின்னு சுத்தி வளைக்கணும்? நேராவே கேட்டிருக்கலாமில்ல?" தையல்நாயகி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டாள். பூவில் ஒரு முழம் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டும் ஆயிற்று.

சகாதேவன் தட்டு போன திசையைப் பார்த்தார். சாமி முன்னால் போன தட்டைத் திருப்பிக் கேட்பது எப்படி? முத்தம்மாளைப் பார்த்தார். இரண்டு வருஷமாக மாப்பிள்ளை தேடி அலுத்தவள் அவள். தையல்நாயகியின் மாமியார் ஊர் எது, கொழுந்தியா யார் என்று விசாரித்து, பத்தே நிமிஷத்தில் சுற்றி வளைத்து ஒரு சொந்தமும் கண்டுபிடித்துவிட்டாள்.

"தப்பா புரிஞ்சிக்கினாங்கப்பா" என்று பஸ்ஸில் ஆரோக்கியராஜிடம் புலம்பினார். "நான் ரைடர் கேட்டுப் போனேன். அவங்க மாப்பிள்ள குடுத்துட்டாங்க."

ஆரோக்கியராஜ் போனைத் தடவிக்கொண்டிருந்தார். போட்டிக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவைக் காலை வணக்கப் படங்களுக்குப் பயந்து இருவரும் மியூட்டில் போட்டிருந்தார்கள். நாற்பது ரோஜாப்பூவுக்கு அடியில் முந்தாநாள் வந்த அறிவிப்பு ஒன்று கிடந்தது.

"சகாதேவா, கேளு. 'இந்த வருஷம் முதல் வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை. ஊரில் பிறந்தவர்கள், அல்லது திருமணத்தால் அந்த ஊருக்கு உறவானவர்கள் மட்டுமே ஆடலாம். பதிவுத் திருமணச் சான்று அல்லது குடும்ப அட்டை கட்டாயம்.'"

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சகாதேவனும் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்போ முதலியார்சாவடிக்கு அவன் ஆட முடியாது!"

"முடியாது."

"நம்ம மாப்பிள்ளையா வந்தா?"

"நம்ம ஊருக்கு ஆடலாம். அவன் ஊர்லதான் ஆம்பளைங்க டீமே இல்லியே."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். இந்தத் தெய்வம் பஸ்ஸிலேயே வந்தது. பிரபுவும் அவன் தம்பியும்கூட அந்த வாரமே திரும்பி வந்து, அட்டையைக் கழற்றிவிட்டுக் கேன் தண்ணீர் குடித்தார்கள்.

ஆனால் நல்ல சேதி தனியாக வருவதில்லை. முதலியார்சாவடிச் செயலாளரும் தன் அண்ணன் மகள் ஜாதகத்தோடு கிளியனூருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று காதில் விழுந்தது. பாண்டிச்சேரிக்குப் பக்கம், நல்ல தண்ணீர், பேக்கரி எல்லாம் உள்ள ஊர் பெண்ணோடும் போட்டிக்கு வந்தால் மரக்காணம் எதைக் காட்டும்? அன்றிலிருந்து கிளியனூர்க்காரர்கள் கேட்டதற்கெல்லாம் சகாதேவன் தலையாட்டினார்.

பெண் பார்க்க வந்தார்கள். பாட்டுப் பாடச் சொல்லவில்லை, சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை. மலர்கொடிதான் பேசினாள்.

"கொஞ்சம் நடந்து காட்டும்மா."

பழங்காலத்து வழக்கம், கால் ஊனம் இருக்கிறதா என்று பார்ப்பது. படித்தவளுக்கும் இந்தப் புத்தியா என்று சகாதேவனுக்குச் சுருக்கென்றது. தமிழ்நிலா நடந்தாள்.

"வேகமா? எங்க ஊர்ல ஸ்டாப்பிங் தள்ளி இருக்குது. பஸ்ஸு புடிக்க ஓடணும்."

தமிழ்நிலா கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினாள். நடுவில் இருந்த ஆரோக்கியராஜுக்குக் காற்று அடித்தது.

"முட்டி வலி, முதுகு வலி ஏதாச்சும்? குனிஞ்சு வேல செய்யணும்."

"ஒண்ணுமில்லக்கா."

"இன்னொண்ணு." மலர்கொடி சகாதேவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "வேற ஊர்லருந்து யாராச்சும் உங்க பொண்ணக் கேட்டு வந்தாங்களா? முதலியார்சாவடியில இருந்து?"

"வரலம்மா."

"அப்பாடா" என்றாள் தையல்நாயகி.

நகை எவ்வளவு என்ற பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை. இப்படி ஒரு தங்கமான குடும்பமா என்று முத்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். தமிழ்நிலா ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க ஊர்ல மண்ணு எப்படி?"

நிலபுலம் விசாரிக்கிறாள், கெட்டிக்காரி என்று சகாதேவன் பூரித்தார். பாலகுரு வாய் திறக்கும் முன் மலர்கொடி சொன்னாள்: "செம்மண்ணு. சலிச்சு, தண்ணி தெளிச்சு வச்சிருக்கோம்."

பிறகு பாலகுருவும் அவளும் மொட்டை மாடியில் அரைமணி நேரம் பேசினார்கள். இறங்கி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலகுரு சகாதேவனைப் பார்த்து, "அண்ணே... மாமா" என்றான். சகாதேவன், "தம்பி... மாப்ள" என்றார். இரண்டு பக்கமும் பழக வேண்டியிருந்தது.

மார்கழியில் கல்யாணம் கூடாது. தையில் வைத்தால் காணும் பொங்கல் தாண்டிவிடும். கார்த்திகையிலேயே முடித்துவிடலாம் என்று தையல்நாயகிதான் சொன்னாள். சகாதேவன் அதைச் சொல்லத்தான் ஒரு வாரமாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன மறுநாளே பொண்ணு பேர எங்க குடும்ப அட்டையில சேத்துடணும்ணே" என்றாள் அவள் அடுத்தபடியாக. "அதுல மட்டும் லேட்டு பண்ணக் கூடாது."

"நானே அலைஞ்சு மாத்திக் குடுக்கறேம்மா."

சொன்னபடியே செய்தார். மேல்மலையனூரோ திருவண்ணாமலையோ, விருந்துக்கும் கோயிலுக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், சகாதேவன் கொட்டும் மழையில் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்று மகள் பெயரைத் தன் அட்டையிலிருந்து நீக்கினார். பெயர் இருந்த இடம் வெறுமையானதும் அதை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். இருபத்து மூன்று வருஷம் அந்த வரியில் இருந்தவள். வீட்டுக்குள் நுழையும்போதே "அப்பா, ஒரு லோடு மண்ணு" என்று கேட்க இனி ஆள் கிடையாது. காணும் பொங்கலை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு அந்தக் காகிதங்களோடு கிளியனூர் அட்டைக்கும் அவரே மனு எழுதிக் கொடுத்தார்.

மார்கழி இரண்டாம் வாரம் போட்டிக்குப் பெயர் பதிவு. பந்தலில் கமிட்டி எழுத்தர் இருசப்பன் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். சகாதேவன் வெள்ளை வேட்டி கட்டி, திருமணச் சான்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஆரோக்கியராஜையும் மாப்பிள்ளையையும் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டார்.

"பாலகுரு. மரக்காணம் மாப்பிள்ள" என்றார் பந்தல் முழுக்கக் கேட்கும்படி. முதலியார்சாவடிச் செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழு வருஷத்துக்கு அது ஒன்றே போதும் போலிருந்தது.

இருசப்பன் முத்திரை குத்தினார். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்: "சரி, உங்க லேடீஸ் டீமு லிஸ்ட் எங்க?"

"எந்த டீமு?"

"ஏம்பா, மூணு வருஷமா சாம்பியன் நீங்கதான? மத்தியான ஆட்டம். உனக்கு எப்படித் தெரியும், அந்த நேரத்துக்குச் செயலாளருங்கல்லாம் பிரியாணிக்குப் போயிடுவீங்க."

சகாதேவன் ஆரோக்கியராஜைப் பார்த்தார். ஆரோக்கியராஜ் பந்தலின் கூரையைப் பார்த்தார். அவரும் பிரியாணிக்குப் போகிறவர்தான்.

"கொஞ்சம் வழி விடுங்க மாமா" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. மலர்கொடி. கழுத்தில் விசில், கையில் ஒரு தாள். பக்கத்தில் தமிழ்நிலா, முதுகில் கிளியனூர் என்று எழுதிய புது பனியனோடு. மேஜையில் வைத்த தாளில் ‘கிளியனூர் பெண்கள் கபடிக் குழு’ என்றும், அதற்குக் கீழே முதல் பெயராக ‘தமிழ்நிலா, ரைடர், கேப்டன்’ என்றும் இருந்தது. கூடவே குடும்ப அட்டையின் நகல். அதில் புதிதாக ஏறிய வரி நேராக, பிழையில்லாமல் இருந்தது. அவரே மழையில் நின்று வாங்கிக் கொடுத்தது.

விழுந்தால் எரியுது என்று இத்தனை வருஷம் சொன்னவள், அந்த மண்ணிலேயே விழுந்து எழுந்து மூன்று வருஷம் ஜெயித்திருக்கிறாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகச் சகாதேவனுக்கு எரிந்தது.

"இது... இது எப்பம்மா முடிவு பண்ணீங்க?" என்று மலர்கொடியைக் கேட்டார்.

"மொத நாளே மாமா. நாலாவது ஆளா ஒரு கப்ப எடுத்தாந்தீங்களே, அதுக்கு அடியில சிறந்த ரைடர் தமிழ்நிலான்னு பேர் போட்டிருந்திச்சு, நீங்க ஒரு தடவகூடத் திருப்பிப் பாக்கலியா?"